நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும்

அந்த அக்காவின் வீட்டுக்கு நான் சென்றது வேறொரு அலுவலாக. கோழி வளர்ப்புக்கான சுழற்சிக் கடன் படிவத்துக்கு அவருடைய அடையாள அட்டையின் பிரதி தேவைப்பட்டது. அதைத் தேடி அவர் தகரப் பெட்டியைத் திறந்தபோது, மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில் மண்ணிற இன்ஹேலர்கள் ஐந்து, கிளினிக்கில் கொடுத்த பைகளோடு, உடைக்கப்படாமலே கிடந்தன. மேசையில் ஒரு நீல இன்ஹேலர் இருந்தது. அழுத்தி அழுத்தி அதன் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது.

"இதுகளை ஏன் அக்கா பாவிக்கேல்லை?" என்று கேட்டேன்.

"ஐயோ தங்கச்சி, அது ஸ்டீரொயிட் மருந்தாம். ஒருக்காத் தொடங்கினாச் சாகுமட்டும் விடேலாதாம். எலும்பு உக்குமாம், உடம்பு ஊதுமாம். கிளினிக்கில தரேக்க வேண்டாமெண்டு சொல்லேலுமே? வாங்கிக்கொண்டு வந்து வைக்கிறன். எனக்கு இந்த நீலப் பம்ப் காணும். இது ஒரு கரைச்சலும் செய்யாது."

இதைச் சொல்லும்போது அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் நீலப் பம்பின் பக்கவிளைவு என்பது அப்போது எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. "இரத்தம் காணாது போல" என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

பிறகு கதையோடு கதையாக இன்னொன்றும் வெளிவந்தது. முந்திய மாதத்தில் மட்டும் மூன்று இரவுகள் தொய்வு கடுமையாகி, பக்கத்து வீட்டுத் தம்பியின் மோட்டார் சைக்கிளில் வைத்தியசாலைக்குப் போய் ஆவி பிடித்து வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஐந்து நாளைக்குச் சிறிய வெள்ளைக் குளிசைகள், நாளுக்கு ஆறு. அந்தக் குளிசையின் பெயர் பிரெட்னிசொலோன். அதுவும் ஸ்டீரொயிட்தான். ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து பம்பைப் பெட்டியில் பூட்டி வைத்தவர், அதைவிடப் பன்மடங்கு ஸ்டீரொயிட்டை வாயால் விழுங்கியிருக்கிறார்.

நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுப் பெண்களோடு வேலை செய்பவள். ஆனால் அன்று வீடு திரும்பிய பின் இந்த விடயம் என்னை விடவில்லை. எமது குழுக்களில் உள்ள மற்றப் பெண்களிடமும் விசாரித்தேன். கிளினிக் மருந்தாளரிடமும் தாதியரிடமும் கேட்டேன், கிடைத்ததை வாசித்தேன். பெட்டிக்குள் பம்பை ஒளித்து வைத்திருப்பவர் அந்த அக்கா ஒருவர் மட்டுமல்ல என்று விளங்கியது. ஆகவேதான் இவ்விரு பம்புகளையும் அருகருகே வைத்து, எது என்ன செய்கிறது, எதனால் என்ன தீங்கு வரலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

தொய்வு, முட்டு, இழுப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமாவில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, சுவாசக் குழாய்களைச் சுற்றியுள்ள தசை திடீரென இறுகுகிறது. மற்றது, குழாயின் உட்சுவர் சிவந்து வீங்கிச் சளி சுரக்கிறது. கண்ணில் தூசு விழுந்தால் கண் சிவந்து வீங்கி நீர் வடிவதைப் போன்றது இது. இதனை அழற்சி என்பார்கள். தசை இறுகுவது எமக்கு உடனே தெரியும், மூச்சு முட்டும். அழற்சியோ இழுப்பு இல்லாத நாளிலும் உள்ளே சத்தமின்றி இருந்துகொண்டிருக்கும். புகை, புழுதி, தடிமன், குளிர்காற்று ஏதாவது ஒன்று பட்டவுடன் அந்த வீங்கிய குழாய்தான் இறுகுகிறது.

நீலப் பம்பில் பெரும்பாலும் இருப்பது சல்பியூட்டமோல். 1969இல் பாவனைக்கு வந்த மருந்து இது. தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களிலேயே மூச்சு வரும், நான்கு முதல் ஆறு மணி நேரம் பலன் நிற்கும். அழற்சியை இது தொடுவதே இல்லை. மண்ணிறப் பம்பில் இருப்பது பெக்லோமெத்தசோன். 1972இல் வந்தது. இது அழற்சியைத்தான் ஆற்றுகிறது, தசையைத் தளர்த்தாது. அதனால் இழுக்கும் நேரத்தில் இதை அடித்தால் ஒன்றும் நடக்காது. நாள்தோறும் காலையும் மாலையும் எடுத்தால், சில நாட்களில் தொடங்கி வாரக்கணக்கில்தான் பலன் தெரியும்.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும். பம்பில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரை மருந்தாளரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இது உடனே நிவாரணம் தருவதா, வராமல் தடுப்பதா என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே வேலை செய்வதை நம்பிய காலம்

எம்மவர்கள் நீலத்தையே நம்புவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் யாரிடம் கிளினிக் கொப்பி இருந்தது? அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்பதே தெரியாதபோது, வாரக்கணக்கில் எடுத்தால்தான் பலன் தரும் மருந்தை யார் சேர்த்து வைப்பார்கள்? 2009இல் செட்டிகுளம் முகாம்களில் தறப்பாளுக்குள் புழுதியும் விறகுப் புகையுமாக இருந்த நாட்களில், கையில் ஒரு நீலப் பம்ப் இருந்தவர் அதிர்ஷ்டசாலி. அடித்தவுடன் மூச்சு வந்ததா, அது நல்ல மருந்து. அந்த நாட்களில் அந்தக் கணக்குச் சரியானதே. யுத்தம் முடிந்து இவ்வளவு காலமாகியும் அதே கணக்கிலேயே மருந்தை அளக்கிறோம்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பயம் மறுபடியும் கிளம்பியது. கிடைக்கும்போது வாங்கிப் பெட்டியில் வை என்ற பழக்கம் இன்னும் இறுகியது. அக்காவின் ஐந்து பம்புகளில் இரண்டு காலாவதியாகியிருந்தன.

நீலப் பம்பின் பக்கவிளைவுகள்

சல்பியூட்டமோல் தளர்த்தும் தசையில் உள்ளதைப் போன்ற வாங்கிகள் இதயத்திலும் கைகால் தசையிலும் உண்டு. மருந்தில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து அங்கும் போகும். அதனால்தான் விரல் நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, தலையிடி, சில வேளை கெண்டைக்கால் பிடிப்பு. இரண்டு தடவை அடித்தால் பலருக்கு இவை தெரியாது, தெரிந்தாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பத்துப் பதினைந்து தடவை அடிப்பவருக்கு நன்றாகத் தெரியும். மிக அதிகமாக எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பின் ஒழுங்கு குழம்பவும் கூடும்.

ஆனால் நீலப் பம்பின் பெரிய ஆபத்து நடுக்கமோ படபடப்போ அல்ல. உள்ளே அழற்சி ஏறிக்கொண்டே போவதை இது மறைத்துவிடுகிறது. பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நிவாரணப் பம்ப் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் ஓராண்டுக்குள் 12க்கும் அதிகமான பம்புகளைப் பெற்றிருந்தார்கள். மாதத்துக்கு ஒன்றுக்கு மேல். நியூசிலாந்திலும் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 1976இல் அங்கு வந்த பெனொட்டெரோல் என்ற கூடிய வலுவுள்ள நிவாரணப் பம்பைத் தொடர்ந்து ஆஸ்துமா மரணங்கள் சடுதியாக உயர்ந்தன. 1989இல் ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்ட, அதன் பாவனை கட்டுப்படுத்தப்பட்டது, மரணங்களும் குறைந்தன.

இவற்றை எல்லாம் கணக்கில் எடுத்து, ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழு 2019இல் ஒரு முக்கிய முடிவுக்கு வந்தது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் தடுப்பு மருந்து இன்றி நீலப் பம்பை மட்டும் கொடுப்பது இனிப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஒரு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீலம் தேவைப்படுகிறது என்றால், அல்லது இரவில் தொய்வினால் எழும்புகிறீர்கள் என்றால், உங்கள் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று கிளினிக்கில் சொல்லுங்கள்.

எமது பெண்களோடு கதைக்கும்போது இன்னொரு சிக்கலும் தெரிந்தது. சத்தம் ஒன்று கேட்டால், காணாமற்போன பிள்ளையின் பிறந்தநாள் வந்தால், நெஞ்சு படபடத்து மூச்சு அடைப்பது எம்மில் பலருக்கு உண்டு. அதுவும் மூச்சு முட்டுவதுதான், ஆனால் எப்போதும் தொய்வு அல்ல. அந்நேரத்தில் நீலப் பம்பை அடித்தால் படபடப்பு இன்னும் கூடும். கூடவே பயமும் கூடி, மறுபடி அடிக்கத் தூண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்பதால் தனியே பிரித்தறிவது இலகுவல்ல. கிளினிக்கில் ஊதிப் பார்க்கும் சிறிய கருவி (பீக் புளோ மீற்றர்) இதற்கு உதவும்.

படபடப்பென்று சொன்னவுடன் சில இடங்களில் புரொப்பிரனலோல் குளிசை கொடுப்பார்கள். தலையிடிக்கும் அது கொடுக்கப்படுவதுண்டு. ஆஸ்துமா உள்ளவர் அதை எடுக்கக் கூடாது. சுவாசக் குழாயை இறுக்கி உயிராபத்தை ஏற்படுத்தலாம், நீலப் பம்பின் வேலையையும் தடுத்துவிடும். உடலில் செல் துண்டுகளோடு வாழும் சகோதரிகள் நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் போடுகிறார்கள். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு இவை தொய்வைக் கிளப்பும். எந்த மருந்து வாங்கினாலும் "எனக்குத் தொய்வு இருக்குது" என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

மண்ணிறப் பம்பின் பக்கவிளைவுகள்

இதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை.

சாதாரண அளவில் எடுப்பவருக்கு வருபவை பெரும்பாலும் வாயோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நாக்கிலும் அண்ணத்திலும் வெண்மையாகப் படியும் பூஞ்சைத் தொற்று, குரல் கம்மிப்போதல், தொண்டைக் கரகரப்பு ஆகியவையே அவை. ஏன் வாயில்? பம்பை நேரடியாக வாயில் வைத்து அடித்தால் மருந்தில் சிறு பங்குதான் சுவாசப்பைக்குப் போகிறது. பெரும்பங்கு தொண்டையிலும் நாக்கிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதைக் கழுவிவிட்டால் காரியம் முடிந்தது. அடித்து முடிந்தவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, தொண்டையையும் அலசி, துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. பல் துலக்குவதற்கு முன் பம்பை எடுக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் மறதியும் வராது.

எமது குழுவில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். சைக்கிளில் ஊரூராகக் கூவி விற்பவர். குரல்தான் அவருடைய மூலதனம். மண்ணிறப் பம்ப் தொடங்கி இரண்டு மாதத்தில் குரல் அடைத்துவிட்டது என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டார். யார்தான் எறிய மாட்டார்? பிறகு தாதி ஒருவர் ஸ்பேசர் என்ற குடுவையைக் கொடுத்து, அதனூடாக எடுக்கவும் பின் கொப்பளிக்கவும் பழக்கினார். குரல் திரும்பியது. முன்னைப்போல முழுதாக இல்லை என்று அவர் சொல்கிறார், ஆனால் கூவி விற்கப் போதுமாம்.

கூடிய அளவில் பல ஆண்டுகள் எடுப்பவருக்குத் தோல் மெலிந்து இலேசாகக் கன்றிப்போதல், எலும்பின் அடர்த்தி குறைதல், கண்ணில் வெண்படலம், கண் அழுத்தம், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீரொயிட் குறைதல் ஆகியவை ஏற்படலாம். அக்கா பயந்த "எலும்பு உக்குதல்" முற்றிலும் பொய்யல்ல. ஆனால் எந்த அளவில் என்பதே கேள்வி. அவருடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

அவருக்கு எழுதியிருந்தது 100 மைக்ரோகிராம் பம்ப், காலை இரண்டு, மாலை இரண்டு. நாளுக்கு 400 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமின் பாதிகூட இல்லை. ஆண்டு முழுவதும் ஒருநாளும் தவறாமல் எடுத்தால் 146 மில்லிகிராம். அவர் அந்த ஒரு மாதத்தில் விழுங்கிய பிரெட்னிசொலோன், நாளுக்கு 30 மில்லிகிராமாக 15 நாட்கள், 450 மில்லிகிராம். இரண்டு மருந்துக்கும் வலு ஒன்றல்ல. எடைக்கு எடை பெக்லோமெத்தசோன் வலுக் கூடியது. எனவே எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் பம்ப் மருந்து சுவாசக் குழாயில்தான் முதலில் இறங்குகிறது. விழுங்கப்படும் பகுதியிலும் கணிசமானது ஈரலில் செயலிழக்கிறது. குளிசை அப்படியல்ல. முழு உடலையும் சுற்றி வருகிறது. வாழ்நாளில் நான்கைந்து தடவை இவ்வாறு குளிசைகள் எடுத்தாலே எலும்புத் தேய்வு, நீரிழிவு, கண் வெண்படலம் ஆகியவற்றின் வாய்ப்புக் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அக்கா ஒரே மாதத்தில் மூன்று தடவை எடுத்துவிட்டார்.

இதை வாசித்துவிட்டு, தொய்வு கடுமையான இரவில் பிரெட்னிசொலோன் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்த இரவில் அதுதான் உயிரைக் காக்கும். அந்த இரவே வராமல் தடுப்பதற்குத்தான் மண்ணிறப் பம்ப்.

அது எவ்வளவு தூரம் தடுக்கிறது? கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் நடந்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. முந்திய ஓராண்டில் பாவித்த ஒவ்வொரு மேலதிக ஸ்டீரொயிட் பம்புக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் வீதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. பாவித்துவிட்டு நிறுத்தியவர்களிடம், நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் மரணம் கூடுதலாகக் காணப்பட்டது.

"விடேலாது" என்ற பயத்துக்கு வருவோம். நோய் இருக்கும்வரை மருந்து வேண்டியிருப்பது வேறு, மருந்துக்கு அடிமையாவது வேறு. இந்தப் பம்பை நிறுத்தினால் உடல் அதற்காக ஏங்குவதில்லை, ஆற்றப்பட்ட அழற்சி மெல்ல மெல்லத் திரும்புகிறது. மூன்று மாதம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தால் வைத்தியரே அளவைக் குறைத்துப் பார்ப்பார். நாமாக ஒரேயடியாக நிறுத்துவதுதான் பிழை. கூடிய அளவு எடுப்பவர்களுக்கு அது மேலும் ஆபத்து.

பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் கேட்கிறார்கள், வளர்த்தி குன்றுமா என்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குப் புடெசொனைட் என்ற ஸ்டீரொயிட்டை நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் நான்கு முதல் ஆறு வருடங்கள் கொடுத்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை கவனித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் உயரம் குறைந்திருந்தார்கள். உண்மை அவ்வளவுதான். இரவிரவாக இழுத்து, பள்ளிக்கூடம் போகாமல் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒன்றேகால் சென்ரிமீற்றரைக் கொடுத்து மூச்சை வாங்குவது நட்டமல்ல என்பது என் எண்ணம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீலம், மண்ணிறம் இரண்டையும் தொடரலாம். கர்ப்பகாலத்தில் கட்டுப்பாடற்ற தொய்வுதான் குழந்தைக்குக் கேடு. குறைமாதப் பிரசவமும் நிறை குறைந்த பிறப்பும் அதனால் நேரலாம்.

மற்றவை

சிலருக்கு ஊதா நிறத்தில் அல்லது வேறு நிறத்தில் கூட்டு மருந்துப் பம்ப் கொடுக்கப்படும். ஸ்டீரொயிட்டும், 12 மணி நேரம் தசையைத் தளர்த்தி வைக்கும் சல்மெட்டரோல் அல்லது போமெட்டரோலும் அதில் சேர்ந்திருக்கும். சல்மெட்டரோலைத் தனியே எடுப்பது ஆபத்து. 26,000க்கும் அதிகமானோர் பங்குபற்றி 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழமையான சிகிச்சையோடு அதைச் சேர்த்துப் பாவித்தவர்களில் 13 பேரும், மருந்தற்ற பம்ப் பாவித்தவர்களில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்தனர். ஸ்டீரொயிட்டோடு ஒரே பம்பில் சேர்த்துக் கொடுக்கும்போது இந்த ஆபத்துக் காணப்படவில்லை என்று பின்வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. எனவே கூட்டுப் பம்பே பாதுகாப்பானது. நடுக்கமும் படபடப்பும் இதிலும் சிலருக்கு வரும், வாய் கொப்பளிப்பதும் இதற்கு அவசியம். போமெட்டரோல் ஓரிரு நிமிடங்களிலேயே வேலை தொடங்குவதால், புடெசொனைட்டோடு சேர்ந்த அந்தப் பம்பை நிவாரணத்துக்கும் பாவிக்கும் முறை உண்டு. நிவாரணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தடுப்பு மருந்தும் உள்ளே போய்விடுகிறது. உங்களுக்கு அது ஏற்றதா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

கப்சியூலைப் போட்டு உறிஞ்சும் கருவி எமது கிளினிக்குகளில் பரவலாக உண்டு. அதற்குள் உள்ள தூளை வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். பம்ப் அதற்கு எதிர்மாறு, மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும். ஒரு அம்மம்மா மூன்று வாரமாக அந்தக் கப்சியூலைத் தேத்தண்ணியோடு விழுங்கியிருந்தார். யாரும் அவருக்குக் கருவியைத் திறந்து காட்டவில்லை. அவர் கேட்கவும் கூச்சப்பட்டிருக்கிறார்.

பம்ப் பிடிப்பதற்கு வெட்கப்பட்டுக் குளிசையே தரச் சொல்பவர்களும் உண்டு. கலியாணம் பேசி வரும் பிள்ளையின் கையில் பம்பைக் கண்டால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிவிடுவார்கள் என்று பயந்த தாயையும் நான் சந்தித்தேன். அந்தப் பிள்ளை சல்பியூட்டமோல் குளிசை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு 4 மில்லிகிராம் குளிசை, பம்பின் 40 தடவைக்குச் சமமான மருந்து. அவ்வளவும் இரத்தத்தினூடாகப் போவதால் நடுக்கமும் படபடப்பும் மிக அதிகம், சுவாசப்பைக்குக் கிடைக்கும் பலன் தாமதம். பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணித் தட்டம் கையில் நடுங்கியதாகத் தாயே சொன்னார். தியோபிலின் குளிசையும் இன்னும் கொடுக்கப்படுகிறது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் அதில் இடைவெளி குறைவு. ஓங்காளம், தலையிடி, படபடப்பு, மிஞ்சினால் வலிப்பு. எரித்ரோமைசின், சிப்ரோபுளொக்சசின் போன்ற கிருமிகொல்லிகளோடு சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் ஏறிவிடும்.

மொன்டிலுகாஸ்ட் குளிசை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். நித்திரையின்மை, கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் சிலருக்கு இதனால் வரலாம் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. எம்மில் ஒருவர் கெட்ட கனவு என்று சொன்னால் எல்லோரும் யுத்தத்தின் மேல்தான் பழியைப் போடுவோம். குளிசை தொடங்கிய பிறகு கனவு கூடியிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சோடாப் போத்தலில் ஒரு ஸ்பேசர்

ஸ்பேசர் கிடைக்காவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல் போதும். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் பிள்ளைகளிடம் இதைப் பரீட்சித்து 1999இல் வெளியிட்டார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக அது வேலை செய்தது. போத்தலை நன்றாகக் கழுவி, அடிப்பக்கத்தில் பம்பின் வாய் அளவுக்குக் கோடு கீறி, சூடாக்கிய கம்பியால் துளையிடுங்கள். பம்பின் வாயை அதற்குள் இறுக்கமாகச் செருகி, சுற்றிவர இடைவெளி இல்லாதபடி ஒட்டுங்கள். காற்றுப் போனால் பலன் குறையும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. போத்தலின் கழுத்துத்தான் உங்கள் வாய்க்கு. பம்பைக் குலுக்கி, ஒரு தடவை மட்டும் அழுத்தி, ஐந்து ஆறு தரம் ஆறுதலாக மூச்சு இழுத்து விடுங்கள். இரண்டாம் தடவைக்கு மறுபடி குலுக்குங்கள். வாரம் ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் முடிந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல. மருந்து தீர்ந்த பின்னும் வாயு சீறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பம்புகளில் 200 தடவைக்கு மருந்து உண்டு. நாளுக்கு நான்கு என்றால் 50 நாள். தொடங்கிய திகதியைப் பேனையால் பம்பிலேயே எழுதிவிடுங்கள்.

தொய்வு கடுமையானால் நிமிர்ந்து இருங்கள், படுக்க வேண்டாம். ஸ்பேசரூடாக நீலப் பம்பை ஒவ்வொன்றாக, பத்துத் தடவை வரை எடுக்கலாம். அப்படியும் தணியாவிட்டால், ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குப் பணம் இல்லை. வரும்வரை நீலப் பம்பை நிறுத்த வேண்டாம்.

அக்காவின் காலாவதியாகாத மூன்று பம்புகளில் ஒன்றை அவர் அன்றே உடைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, கிளினிக் தாதியோடு அவரே கதைத்த பிறகுதான் உடைத்தார். இப்போது அது பற்பசையோடு யன்னல் தட்டில் இருக்கிறது. முதல் மாதம் ஒரு வித்தியாசமும் இல்லை என்று கோபித்துக்கொண்டார். நான்காம் மாதம் கோழிக்கூட்டுக் கணக்குப் பார்க்கப் போனபோது நீலப் பம்பை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தார். அதைத் தேடி எடுத்து, திகதி எழுதி, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். விறகடுப்பு இன்னும் மாறவில்லை. அதற்குப் புகைபோக்கி வைக்க நான்கு தகரம் வேண்டும். கோழி முட்டையிடத் தொடங்கட்டும் என்கிறார்.